எல்லையோரத்தில் குடும்ப ஒயின் ஆலை: முதல் பழத்தைப் பிழிவதற்கு முன் எழுதி முடிக்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள குமுளி, கம்பம்மெட்டு, வண்டன்மேடு பகுதிகளிலும் நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்போது பழ ஒயின் தொழிலைப் பற்றி விசாரித்து வருகின்றன. சிறு ஒயின் ஆலைகளுக்கான விதிகளைக் கேரள அரசு 2022இல் வெளியிட்ட பிறகு இந்த விசாரிப்பு கூடியிருக்கிறது. எங்கள் குடும்பமும் அப்படித்தான் இறங்கியது. உரிமத்துக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை எந்த ஆலோசகரும் சொல்லிவிடுவார். நாங்கள் திணறியது வேறு இடத்தில். அண்ணன் தோட்டத்துப் பழத்துக்கு என்ன விலை போடுவது, மச்சான் பெயரில் உள்ள கட்டடத்துக்கு வாடகை உண்டா, கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் பெட்டிகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்விகளுக்கு ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் விடை சொல்ல முடியாததால், அலுவலகத்தில் அல்ல, எங்கள் வீட்டிலேயே விண்ணப்பம் மாதக்கணக்கில் தேங்கி நின்றது.

அந்தத் தேக்கம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். கட்டண விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், எந்தச் செலவு எந்தக் கட்டத்தில் வந்து நிற்கும் என்பதில்தான் கவனம் செலுத்தியிருக்கிறேன்.

1. எல்லையின் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கம்பத்திலிருந்து குமுளிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் மதுவைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு சட்டங்களின் ஆட்சியில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் அதன்கீழ் 2006இல் வந்த ஒயின் உற்பத்தி விதிகளும் பொருந்தும். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கேரளத்தில் கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டி) 1077இன் அப்காரி (மது) சட்டமும் 2022ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். அந்த 2022 விதிகள் கேரளத்தில் விளைந்த பொருள்களிலிருந்து ஒயின் தயாரிப்பதற்கென்றே வகுக்கப்பட்டவை என்பது அவற்றின் பெயரிலேயே இருக்கிறது.

எல்லையோரக் குடும்பங்களுக்கு முதல் கண்ணி இங்கேதான் விரிக்கப்பட்டிருக்கிறது. மேலே பெரியப்பாவுக்குக் கட்டடமும் தண்ணீரும் இருக்கும். கீழே சித்தப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருப்பதால், மலையில் பழம் குறையும் மாதங்களில் கீழிருந்து நாலு லோடு ஏற்றிக்கொண்டால் என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பார். திராட்சை பழமாகச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதில் தடையில்லை. ஆனால் ‘கேரள விளைபொருள்’ என்று எழுதிக் கொடுத்த உரிமத்தின்கீழ் அதே திராட்சை தொட்டிக்குள் இறங்கினால், அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் பொய் சொன்னவர் ஆகிறார். பன்னீர் திராட்சை ஒயின்தான் உங்கள் ஆசை என்றால் தமிழ்நாட்டு வழியில் விண்ணப்பியுங்கள். பலா, பேஷன் ஃப்ரூட், வாழை, கொய்யா என்றால் கேரள வழி. இரண்டு வழிகளிலும் ஒவ்வொரு காலை வைத்து நிற்கத் திட்டமிடாதீர்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பழத்துக்குக் கிடைத்த குறியீடு. ஒயினுக்குக் கிடைத்தது அல்ல. அந்தப் பெயரைப் பயன்படுத்த விரும்பும் விவசாயி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். வேறு ஊர்த் திராட்சையைப் பிழிந்துவிட்டு பாட்டிலில் கம்பத்தின் பெயரைப் போடுவது, கம்பத்து விவசாயிகள் சேர்ந்து சம்பாதித்த பெயரை எடுத்துக்கொள்வதாகும்.

2. நிலம் யாருடையது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள்

தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கையில் எடுத்துவிட்டால் நிலத்தின் கதை பெரும்பாலும் தெரிந்துவிடும். இடுக்கியில் அப்படியில்லை. ஆதாரம் (கிரயப் பத்திரம்), நில வரி ரசீது, கிராம அலுவலகத்தின் கைவசச் சான்று, இட வரைபடம் எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த நிலத்தின் பட்டயம் (அரசு நிலத்தைப் பதித்துக் கொடுத்த ஆவணம்) எந்த விதியின்கீழ் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி மிச்சம் இருக்கும். 1964ஆம் ஆண்டின் நிலம் பதித்துக் கொடுக்கும் விதிகளின்கீழ் வந்த நிலம் சாகுபடிக்கும் வீட்டுக்கும் என்று கொடுக்கப்பட்டது. அதில் வணிகக் கட்டடம் எழுப்புவது பல ஆண்டுகளாகச் சிக்கலாகவே இருந்து வருகிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2023இல் சட்டத்திருத்தம் நிறைவேற்றப்பட்டது. ஏலச் சாகுபடிக்கென்று குத்தகைக்கு விடப்பட்ட நிலமாக இருந்தால், அதில் ஒயின் ஆலை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆகவே கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பே பட்டயத்தின் நகலை வருவாய்த் துறை அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இந்தச் செலவு சிறியது. தவிர்த்தால் பின்னால் வரும் செலவு பெரியது. தாலுகா அலுவலகத்தில் மொழி தடையாக இருந்தால், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் இணைப்புத் தாள்களின் மலையாள அல்லது ஆங்கில நகலைச் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு வேகமாக நகரும்.

நிலம் பூர்விகமானது என்றால், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளின் பங்கை முதலில் பேசித் தீர்த்துவிடுங்கள். 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகும், ‘அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள்’ என்ற நம்பிக்கையின் மேல் கட்டடம் எழுப்பும் வழக்கம் நம் ஊர்களில் குறையவில்லை. அவர்கள் கேட்காமல் இருப்பது பெருந்தன்மை. அதைச் சம்மதமாக எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

3. கூட்டாண்மைப் பத்திரத்தை உறவினர்களிடையே எழுதுங்கள், உறவை நம்பி விட்டுவிடாதீர்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்று சொல்லிப் பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைத்துவிடச் சிலர் ஆலோசனை கூறுவார்கள். பதிவு செய்யாத நிறுவனம் தனக்கு வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குத் தொடர முடியாது. ஒப்பந்தப்படி நடக்காத கூட்டாளியின் மேல் மற்றொரு கூட்டாளியும் வழக்குத் தொடர முடியாது. அதனால் நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

பத்திரத்தில் வழக்கமான வாசகங்களுக்கு மேல் நீங்கள் கேட்டு எழுதவைக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, நிலமும் கட்டடமும் நிறுவனத்துக்கு முதலாகக் கொடுக்கப்பட்டவையா, வாடகைக்கு விடப்பட்டவையா என்பது. வாடகை என்றால் தனி ஒப்பந்தம் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அடுத்தது சம்பளம். ஆலையில் தினமும் நிற்கும் தம்பிக்கும், சென்னையிலிருந்து பணம் மட்டும் அனுப்பும் அண்ணனுக்கும் ஒரே லாபப் பங்கு என்று எழுதிவிட்டால், இரண்டாம் ஆண்டிலேயே வேலை செய்பவர் கல்லாவிலிருந்து ‘கைச்செலவுக்கு’ எடுக்கத் தொடங்குவார். அவரைத் திருடன் என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. உழைக்கும் கூட்டாளியின் சம்பளத்தைப் பத்திரத்திலேயே தொகையாக எழுதுங்கள். பத்திரத்தில் இடமளிக்கப்பட்டிருந்தால்தான், அதுவும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள்தான், வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏற்கப்படும். 2025 ஏப்ரல் முதல், கூட்டாளிக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் சம்பளம், வட்டி போன்றவற்றில் 10 விழுக்காடு வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் கணக்காளரிடம் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, தனி லாபம். பாட்டிலும் கார்க்கும் வாங்கும் பொறுப்பு மாமாவிடம் இருக்கிறது, விற்பவர் அவருக்கு ஒரு கமிஷன் கொடுக்கிறார் என்று வையுங்கள். நிறுவனத்தின் வேலையால் ஒரு கூட்டாளிக்குக் கிடைக்கும் தனி லாபம் நிறுவனத்துக்கே சேர வேண்டும் என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தும் இதைப் பத்திரத்தில் தமிழில் ஒரு வரியாக எழுதி, எல்லோர் முன்பும் வாசித்துக் காட்டுங்கள். பிற்பாடு மாமாவிடம் கேட்கும்போது சட்டத்தைக் காட்டுவதைவிட, அவரே தலையசைத்த வரியைக் காட்டுவது எளிது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை எல்லாக் கூட்டாளிகளுக்கும் உண்டு என்பதையும் இதேபோல வாசித்துவிடுங்கள், குறிப்பாகக் கணக்குப் பார்க்கும் வழக்கமில்லாத பெண்களின் முன்னிலையில்.

உரிமம் யார் பெயரில் என்பதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் தொழில்முனைவோருக்கான கடன், மானியம் ஆகியவற்றைக் கருதி மனைவியின் பெயரிலோ அம்மாவின் பெயரிலோ விண்ணப்பிப்பது நம் பக்கத்தில் சாதாரணம். மதுத் தொழிலில் அது சாதாரணமான காரியம் இல்லை. இருப்பில் குறைவோ உரிமமற்ற விற்பனையோ கண்டுபிடிக்கப்பட்டால், எக்சைஸ் (மதுவரித் துறை) அதிகாரி முதலில் தேடுவது உரிமதாரரை. மதுவே ஆகாது என்று நினைக்கும் அம்மாவிடம், ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று நீட்டுவது நியாயமே இல்லை. வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். அவருடைய முதலீட்டையும் இதில் கலக்காதீர்கள்.

கூட்டாளி இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும் என்பதே சட்டத்தின் பொது நிலை. தொடர வேண்டுமென்றால் பத்திரத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

4. சொந்தத் தோட்டத்துப் பழத்துக்கு விலை போடுங்கள்

குடும்ப ஆலையில் யாரும் பேச விரும்பாத விஷயம் இது. தோட்டம் ஒருவருடையது, ஆலை எல்லோருடையது என்றால், பழத்தின் விலையைக் கூட்டினால் தோட்டக்காரருக்கு லாபம், குறைத்தால் மற்றவர்களுக்கு லாபம். இதற்கு மேல் வரியின் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால், பழத்துக்குச் சந்தையில் இல்லாத விலையைப் போட்டு ஆலையின் லாபத்தைத் தோட்டத்தின் வருமானமாகக் காட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். சொந்த விளைபொருளைச் சொந்தத் தொழிலின் மூலப்பொருளாகப் பயன்படுத்தினால் அதன் சந்தை மதிப்பை மட்டுமே செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரி விதிகள் சொல்கின்றன. உறவினருக்கு நியாயமான விலைக்கு மேல் கொடுத்தால், கூடுதலாகக் கொடுத்த பகுதியை அதிகாரி செலவாக ஏற்க மறுக்கலாம்.

வழி எளிதுதான். பழம் வந்து இறங்கும் நாளில், அருகிலுள்ள வி.எஃப்.பி.சி.கே. (கேரளத்தின் காய்கறி, பழ மேம்பாட்டுக் கழகம்) விவசாயிகள் சந்தையிலோ கமிஷன் மண்டியிலோ அன்று போன விலையின் சீட்டை வாங்கி, கொள்முதல் ரசீதோடு இணைத்து வையுங்கள். குடும்பத்துப் பழத்துக்கும் வெளியாரின் பழத்துக்கும் ஒரே படிவத்தில் ரசீது போடுங்கள். அண்ணன் தோட்டத்துப் பழம் அடிபட்டிருந்தால் அதையும் கழித்தே எடை போடுங்கள். முதல் முறை அவர் முகம் சுருங்கும். எழுதப்பட்ட விதி இருப்பதால் அது உங்கள்மேல் வரும் கோபமாக மாறாது.

5. அக்கம்பக்கத்து விவசாயியிடம் வாங்கும்போது

தராசிலிருந்து தொடங்குங்கள். வணிகத்தில் பயன்படும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும். முத்திரைச் சான்றைத் தராசுக்கு மேலேயே, விற்க வருபவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். காலிப் பெட்டியின் எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். பெட்டி நனைந்திருந்தால் மறுபடியும் எடை போடுங்கள். ‘கழிவு’ என்று சொல்லி நூறு கிலோவுக்கு இத்தனை கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது மண்டி வழக்கம். அதைக் கைவிட்டு, கழிவைப் பிரித்து எடுத்து, எடை போட்டு, விவசாயி கேட்டால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனிப்பை வைத்து விலை என்றால் நியாயம் இன்னும் நுட்பமானது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். 12 விழுக்காடு வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை தேவை. நம் மலைப் பழங்கள் பலவற்றில் அவ்வளவு இருக்காது. குறைவதைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆகவே பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பைக் காட்டும்) அளவு கூடிய பழத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் அளக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது. பெட்டியின் மேலிருந்து புளிப்புப் பழமாகப் பார்த்து எடுத்தால் அளவு இறங்கும், அடியிலிருந்து கனிந்ததை எடுத்தால் ஏறும். மேல், நடு, அடி என்று எடுத்த பழங்களை ஒன்றாகப் பிழிந்து, கருவியைச் சுத்தமான நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விவசாயியையே அதன் கண்ணாடி வழியாகப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதுங்கள். மழைக்கு மறுநாள் சாறு நீர்த்துப்போயிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அறுவடையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். வண்டி வாடகை கொடுத்து வந்து நின்ற பிறகு விலையைக் குறைப்பது அழகல்ல.

கடைசியாக அடித்த மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் மருந்துப் புட்டியின் சீட்டிலேயே இருக்கும். ‘நாளைக்கே பழம் வேண்டும்’ என்று நீங்கள் அவசரப்படுத்தினால், அந்த இடைவெளியை விழுங்கச் சொல்வது நீங்கள்தான்.

பணம் என்று வரும் என்பதை ரசீதிலேயே தேதியாக எழுதுங்கள். ஒயினில் போட்ட பணம் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பை விவசாயியின் தலையில் ஏற்றுவதுதான் இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம். குறைந்தது ஒரு பருவத்தின் கொள்முதல் தொகையையாவது தனிக் கணக்கில் ஒதுக்காமல் முதல் லோடை இறக்காதீர்கள். சாகுபடி செய்தவருக்கே நேரடியாகக் கொடுத்தால் ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்க வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. இடைத்தரகருக்குக் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது. எப்படியானாலும் வங்கி வழியே நல்லது.

6. உரிமத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் எதையும் புளிக்க வைக்காதீர்கள்

பத்திரப் பதிவு, நிறுவனத்தின் பான் எண், வங்கிக் கணக்கு, நில ஆவணம் அல்லது குத்தகை, கட்டட வரைபடம், எந்திரப் பட்டியல், பஞ்சாயத்து அனுமதி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, உணவுப் பாதுகாப்பு உரிமம், எக்சைஸ் விண்ணப்பம் என்று வரிசை நீளும். பலவற்றை ஒரே நேரத்தில் நகர்த்தலாம். ஆனால் எக்சைஸ் அதிகாரிகள் இடத்தைப் பார்த்துச் செல்வதற்கு முன் தொட்டிகளை வாங்கிக் குவிக்காதீர்கள். வாடகையும் கடன் வட்டியும் இந்தக் காலத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பருவத்தையும் கணக்கிடுங்கள். பலா கோடையில் தொடங்கி மழையோடு முடிந்துவிடும். ஆடியில் உரிமம் வந்தால் அடுத்த ஆண்டுப் பலாவுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் ‘சும்மா ஒரு குடம் போட்டுப் பார்ப்போம்’ என்ற ஆசை வரும். கிறிஸ்துமஸ் நேரத்தில் வீட்டு ஒயின் போடும் பழக்கம் கேரளத்தில் பரவலாக இருப்பதால் இது குற்றம் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. அப்காரி சட்டத்தின் 55ஆம் பிரிவில் உரிமமின்றி மது தயாரிப்பதற்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டு. பழமும் வெல்லமும் கலந்து டிரம்மில் நுரைத்துக்கொண்டிருப்பது எக்சைஸ் பார்வையில் ஊறல்தான். செய்முறை தெரிய வேண்டும் என்றால் பழ ஒயினில் வேலை செய்யும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தை அணுகுங்கள். திராட்சைக்கு ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கோப்பை நகர்த்த யாராவது கை நீட்டினால், 2018ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி என்பதை நினைவில் வையுங்கள். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. எங்களிடமும் ஓர் இடைத்தரகர் ‘எல்லாம் சேர்த்து ஒரே தொகை’ என்று பேசினார். எந்தக் கட்டணம், எந்த ரசீது என்று பிரித்து எழுதித் தரச் சொன்னோம். அதற்கு மேல் அவர் வரவில்லை.

7. வேலையாட்களின் உயிரும் கூலியும்

புளிக்கும் சாறு கரியமில வாயுவைக் கக்குகிறது. ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 40 லிட்டருக்கும் மேல் வாயு வெளியேறும். அப்படியென்றால் 500 லிட்டர் தொட்டி ஒன்று, பத்தடிக்கு எட்டடியில் ஒன்பதடி உயரமுள்ள அறையை நிரப்பப் போதுமான வாயுவை விடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையிலும் தொட்டியின் அடியிலும் தங்கும். காலித் தொட்டியைக் கழுவ இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் மயங்குவது இத்தொழிலில் தெரிந்த விபத்து. தரைமட்டத்தில் காற்று வெளியேறும் வழி, மின்விசிறி, வாயு அளக்கும் கருவி, வெளியே காவலுக்கு ஓர் ஆள் ஆகிய நான்கும் இல்லாமல் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். குடும்பத்தினர் இறங்க மாட்டார்கள், கூலிக்கு வந்தவர்தான் இறங்குவார் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது 1976 முதலே சட்டவிரோதம். பழம் தரம் பிரிப்பதைப் பெண்கள் வேலை என்றும் பெட்டி தூக்குவதை ஆண்கள் வேலை என்றும் பெயர் மாற்றி வைத்து அதைத் தாண்டிவிடாதீர்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆட்களை ஜீப்பில் ஏற்றிவருவது இந்த மலையின் வழக்கம். ஆளை அடைத்துக்கொண்டு வரும் ஜீப்புகள் வளைவுகளில் கவிழ்ந்த செய்திகளை நாம் வாசித்தபடிதான் இருக்கிறோம். வண்டிக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். ஆட்கள் பத்தைத் தொடும்போது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), இருபதைத் தொடும்போது வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும்.

8. பதிவேடும் லேபிளும்

எத்தனை கிலோ பழம் வந்தது, எத்தனை லிட்டர் சாறு ஆனது, எவ்வளவு சர்க்கரை சேர்ந்தது, கசடு எவ்வளவு போனது, எத்தனை பாட்டில் நிரம்பியது என்பதை அன்றன்றே எழுதுங்கள். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் எண்கள் அழகாகப் பொருந்தும். அப்படி அழகாகப் பொருந்தும் பதிவேட்டை அனுபவமுள்ள அதிகாரி சந்தேகிப்பார், சந்தேகிக்கவும் வேண்டும்.

மது வகைகளுக்கான உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் 2018இல் வந்து 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆல்கஹால் அளவு, எச்சரிக்கை வாசகம், சல்ஃபைட் (ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) அறிவிப்பு ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். சல்ஃபைட்டைப் பற்றிச் சிலர், ‘எழுதினால் மருந்து போட்டது என்று நினைப்பார்கள்’ என்று தயங்குவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுத் திணறலை உண்டாக்கும். அவர்களுக்காகத்தான் அந்த வரி. இதயத்துக்கு நல்லது, ரத்தம் ஊறும், பாட்டி வைத்தியம் போன்ற வாசகங்கள் எதையும் போடக் கூடாது. ‘சொந்தத் தோட்டத்துப் பழம்’ என்று போட்டால் அது முழுவதும் சொந்தத் தோட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பாதியைப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

9. வீட்டுக்கும் விசேஷத்துக்கும் போகும் பாட்டில்

பதிவேட்டில் ஏறிய பாட்டில் குடும்பத்தின் சொத்தல்ல. உரிமத்தில் சொல்லியிருக்கும் விற்பனை வழியைத் தவிர வேறு வழியில் அது வாசலைத் தாண்டக் கூடாது. அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு பெட்டி என்பது எவ்வளவு சிறிய கேள்வி போலத் தோன்றினாலும், அனுமதியின்றி அதைக் கம்பத்துக்கு இறக்கிக் கொண்டுபோனால் மாநில எல்லையைத் தாண்டிய மதுக் கடத்தல் ஆகிவிடும். எங்கள் பத்திரத்தில், குடும்பத்தார் வேண்டுமென்றால் வெளியே கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எழுதிவிட்டோம். ‘சொந்த ஆலை ஒயினைக் கடையில் வாங்குவதா’ என்று பெரியப்பா சிரித்தார், கையெழுத்தும் போட்டார்.

கேரளத்தில் 23 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுக்கக் கூடாது, தமிழ்நாட்டில் 21. ஆலைக்குச் சுற்றிப் பார்க்க வரும் கல்லூரி மாணவர்களுக்கு ருசி காட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அப்காரி சட்டத்தில் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு என்பதால், தம்பி மகன் போனில் படம் பிடித்து ‘எங்க ஒயின் ரெடி’ என்று போடுவதும் உங்களையே சுற்றி வரும். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குடும்பத் தொழில் என்ற பெயரிலும் இந்தத் தளத்துக்குள் வேலைக்கு விடாதீர்கள்.

10. வரியும், பிரிந்து போகிறவரின் பங்கும்

மனிதர் அருந்தும் மது சரக்கு சேவை வரிக்கு வெளியே இருக்கிறது. ஆகவே பாட்டிலுக்கும் எந்திரத்துக்கும் நீங்கள் கட்டும் சரக்கு சேவை வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. அது முழுவதும் செலவு. இதை மறந்து விலை கணக்கிடும் குடும்பங்கள், பற்றாக்குறை தெரிந்தவுடன் பதிவேட்டுக்கு வெளியே நாலு பெட்டி விற்றால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்குப் போய்விடுகின்றன. ஆரம்பத்திலேயே வரியைச் சேர்த்து விலை கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் தொழிலைத் தொடங்காமல் பழத்தை விற்றுவிடுவதே மேல்.

ஒருவர் விலகும்போது தொட்டியில் இருக்கும் ஒயினுக்கு என்ன மதிப்பு என்பதுதான் பெரும் சண்டையைக் கிளப்பும். அடக்க விலையா, விற்கும் விலையா? எங்கள் பத்திரத்தில், பாட்டிலில் அடைத்து முத்திரையிட்டதற்கு வரி நீங்கலான விற்பனை விலை, தொட்டியில் இருப்பதற்கு அடக்க விலை, புளித்து முடியாததற்குப் பழத்தின் கொள்முதல் விலை மட்டும் என்று எழுதினோம். இருப்பை அளக்கும் நாளாக மார்ச் 31ஐ வைத்தோம். விலகுபவருக்குப் பணம் கொடுக்கும் தவணைகளைத் தேதியோடு எழுதுங்கள். அவருடைய பெயர் எக்சைஸ் உரிமத்திலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் நிறுவனப் பதிவாளரின் ஏட்டிலிருந்தும் நீங்கியதற்கான சான்றுகளைக் கையில் கொடுத்த பிறகே கணக்கை முடியுங்கள். அதுவரை அவருடைய கையெழுத்தின் பேரில் உங்கள் தொட்டி நிற்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பம், தராசு முத்திரை, மாசு வாரிய இசைவு ஆகியவற்றின் முடிவுத் தேதிகளையும் அதே மார்ச் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் வாசித்து, யார் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.